ஏழு பூநாரைகள் நின்ற இடம்

“நீ எழுதிறதை ஆர் வாசிக்கப் போகினம், பிள்ளை?” என்று மாமா கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டபிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளுக்குள் அவருக்கு உண்மையிலேயே அந்தச் சந்தேகம் இருந்திருக்கவேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. எண்பதுகளின் கடைசி. புலம்பெயர்ந்து வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று நாலு பேர் இருந்தோம். மன்னாரில் அப்பாவின் ஆட்கள் தலைமுறையாகக் கடலுக்குப் போனவர்கள். அப்பாவுக்குத் தன் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது. அம்மா மாதா கோவில் பூசையில் ஜெபப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பார். தலைகீழாகப் பிடித்திருந்தாலும் ஒரு சொல் பிசகாது. மாமா பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் காதால் பொறுக்கிய இங்கிலிஷைச் சரளமாகப் பேசுவார், ஆனால் ஒரு கடிதம் வந்தால் என்னிடம்தான் நீட்டுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

எட்டு வயதிலிருந்தே வீட்டுப் படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்பினேன். கவுன்சில் படிவம், பெனிபிட் படிவம், குடிவரவுப் படிவம், டொக்டரின் படிவம். அதில் நான் கற்றுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. ஒருமுறை ஒரேயொரு கட்டத்தை விட்டதற்குப் படிவம் முழுதும் திரும்பி வந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு கேட்டதற்கும் பதில் எழுதுவேன், கேட்காததற்கும் ஓரத்தில் பதில் எழுதுவேன்.

மாமா ஒரு பயண முகவரின் அலுவலகத்தில் காலை ஷிப்டில் தரை துடைத்தார். யாரோ ரத்துச் செய்த ஒரு கிழமை விடுமுறைப் பயணம் அவர் கைக்கு வந்தது. மத்தியதரைக் கடலில் ஒரு தீவு, அதில் கடற்கரையோரமாக ஒரு விடுமுறை ஊர், ஏப்ரல் மாதம், நாலு பேர். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். பெட்டிக்குள் உடுப்புக் குறைவு. அரிசியும் மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் அதிகம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியதும் தானே மூடி, தானே அதை உருட்டி வெளியே விட்டார். “மரியாதை தெரிஞ்ச நாடு,” என்றார் அம்மா.

ஹொட்டல் நிறைய வயதான வெள்ளைக்காரர்கள். எல்லோர் கழுத்திலும் தொலைநோக்கி தொங்கியது. ஆபிரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகள் அந்தத் தீவில் இறங்கி இளைப்பாறுமாம். அதைப் பார்க்கத்தான் அவர்கள் ஒவ்வொரு வசந்தத்துக்கும் வருகிறார்களாம். வரவேற்பு மேசையில் ஒரு தடித்த கொப்பி கிடந்தது. யார் என்ன பறவையைக் கண்டாலும் மற்றவர்களுக்காக அதில் எழுதிவைப்பார்கள். திகதி, பறவை, எத்தனை, எங்கே, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள்.

எனக்கு அதைக் கண்டதும் கை துருதுருத்தது. படிவம்!

ஆனால் அந்தப் பெரிய மனிதர்கள் அதை நிரப்பியிருந்த விதம் எனக்கு வெட்கமாக இருந்தது. ‘எங்கே’ என்ற கட்டத்தில் ‘கடற்கரைப் பக்கம்’, ‘பள்ளத்தாக்கில்’, ‘ஊருக்கு வெளியே’ என்று எழுதியிருந்தார்கள். சிலர் அதையும் எழுதவில்லை. ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பத் தெரியவில்லையே என்று நினைத்தேன். வைக்கோல் தொப்பி போட்ட ஓர் ஆங்கிலக் கிழவிதான் அதில் மோசம். என்னிடம் தன் தொலைநோக்கியை இரவல் தரும் நல்ல மனுஷி, ஆனால் அவருடைய ‘எங்கே’ எப்போதும் வெறுமைதான்.

மூன்றாம் நாள் காலை அப்பாவும் நானும் நடக்கப் போனோம். கைவிடப்பட்ட உப்பளத்தின் பின்னால் ஒரு மதில் இடிந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போன அப்பா திடீரென்று கையை நீட்டி என்னை நிறுத்தினார். சின்னக் குடாவில், முழங்காலளவு தண்ணீரில், ஏழு பூநாரைகள் நின்றன.

“மன்னாரில ஆயிரக்கணக்கில நிக்கும்,” என்றார் அப்பா மெதுவாக. “இதுகள் வழி தப்பி வந்திட்டுதுகள் போல. பார், களைச்சுப்போய் நிக்குதுகள்.”

சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். பறவைகள் பறக்கவில்லை. அப்பா சிரித்தார். பெற்றோல் ஷெட்டில் இரண்டு ஷிப்ட் செய்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

ஹொட்டலுக்கு வந்ததும் கொப்பியை எடுத்தேன். மாமா அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா எனக்காகப் பதில் சொன்னார்: “வாசிக்கிறவை வாசிப்பினம். நீ எழுது ராசாத்தி.”

எழுதினேன். பறவை: பூநாரை. எத்தனை: ஏழு. எங்கே: உப்பளத்தின் பின்பக்கம், இடிந்த மதிலைத் தாண்டி, இடப்பக்க ஒற்றையடிப் பாதையில் இருநூறு அடி. கட்டம் போதாததால் பக்கத்தின் அடியில் சிவப்புப் பேனையால் ஒரு வரைபடமும் போட்டேன். குறிப்பு: காலை ஆறரைக்கு நின்றன. மிகவும் சாதுவானவை. கிட்டப் போனாலும் பறக்காது. கீழே என் முழுப்பெயர், வயது, வீட்டு விலாசம்.

பின்னேரம் வைக்கோல் தொப்பிக் கிழவி அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்தார். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, இவ்வளவு விரிவாக எழுதத் தேவையில்லை, பொதுவாகச் சொன்னால் போதும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் சிட்டுக்குருவியும் புறாவும் எழுதுகிறவர். நான் ஏழு பூநாரை எழுதினால் பொறாமை வராதா?

அடுத்த நாள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் காட்டப் புறப்பட்டோம். ஏழு மணி இருக்கும். இடிந்த மதிலை நெருங்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு. பிறகு தொடர்ந்து நாலைந்து.

அடுத்து நடந்தது பறவைகளைப் பற்றியது அல்ல. அப்பா என் பிடரியில் கைவைத்து நிலத்தோடு அழுத்தினார். “படு! படு!” அம்மா ஏற்கெனவே படுத்திருந்தார், யாரும் சொல்லாமலே, சேலையோடு, முகத்தை மண்ணில் புதைத்து. அப்பாவின் உடல் முழுதும் என்மேல் கிடந்தது. அவருடைய இருதயம் என் முதுகில் அடித்தது. என் வாய்க்குள் உப்பு மண்.

“அத்தான், எழும்புங்கோ,” என்றார் மாமா. “ஆமி இல்லை. ஆரோ வேட்டைக்காரர்.”

எழுந்து மதிலைத் தாண்டினோம். குடாவில் இரண்டு ஆட்கள் நின்றார்கள். தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஏதேதோ மிதந்தன. ஒரு பறவை மட்டும் உயிரோடு இருந்தது. எழும்ப முயன்றது, நீண்ட கால் மடங்கியது, திரும்பவும் முயன்றது. அந்த இரண்டு பேரில் ஒருவர் அதன் கழுத்தைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு நிமிர்ந்து எங்களைக் கண்டார்.

எனக்கு அவரைத் தெரியும். ஹொட்டல் பாரில் வேலை செய்யும் மீசைக்காரர். ஒவ்வொரு காலையும் என் ஒரேஞ் ஜூஸில் இரண்டு உறிஞ்சுகுழாய் போட்டுத் தருகிறவர். கையை உயர்த்தி அசைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். என் வரைபடத்தைப் பார்த்து வரைந்தது. மதில்கூட நான் போட்ட மாதிரியே கோணலாக இருந்தது.

“குட்டி மிஸ், உன் படம் மிக நல்ல படம்,” என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். “மிக்க நன்றி!” அந்தச் சிரிப்பில் ஒரு துளி பகையும் இல்லை.

“என்னவாம்?” என்று அப்பா கேட்டார். டொக்டர் சொன்னதையும் கவுன்சில்காரர் சொன்னதையும் வருடக்கணக்காக அவருக்குச் சொல் பிசகாமல் சொன்னவள் நான்.

“குட் மோர்னிங் சொல்லுறார், அப்பா,” என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். அவருக்குக் காதால் வந்த இங்கிலிஷ் போதுமானதாக இருந்தது. அவர்தான் அப்பாவுக்குச் சொன்னார்.

அப்பா ஹொட்டலுக்கு நடந்தார். நேரே வரவேற்பு மேசைக்குப் போய்க் கொப்பியைப் புரட்டினார். வாசிக்கத் தெரியாத மனிதருக்குச் சிவப்புப் பேனை வழிகாட்டியது. பக்கத்தைக் கிழித்தார், நாலாய் மடித்தார், பையில் வைத்தார்.

நான் அழுதேன். பறவைகளுக்காக அல்ல. அந்தக் கொப்பியில், அத்தனை வெள்ளைக்காரரின் எழுத்துக்கு நடுவே, எங்கள் குடும்பத்தின் பெயர் முதன்முதலாக இருந்தது. அதை அப்பா கிழித்துவிட்டார்.

“நான் பிழையா ஒண்டும் எழுதேல்லையே!” என்று கத்தினேன். “எல்லாம் சரியாத்தானே எழுதினனான்!”

“ஓம். சரியாத்தான் எழுதினனீ,” என்றார் அப்பா. “நான் ஒருக்கா வாயால சொன்னனான். நீ எழுதிப்போட்டாய்.”

அம்மா அவர் கையைப் பிடித்து, “காணும், வாங்கோ,” என்று கூட்டிக்கொண்டு போனார். எழுதத் தெரியாத மனிதரின் ஆற்றாமை என்று அந்தப் பேச்சுக்கு நான் பொருள் கொண்டேன். நான் படித்தவள், அவருக்கு அது பொறுக்கவில்லை. அப்படித்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்ச மூன்று நாளும் அவரோடு பேசவில்லை.

இப்போது எனக்கு இருபத்தொரு வயது. சென்ற மாதம் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை எழுதினேன். எங்கள் வீட்டில் அதுவும் முதல் தடவை. பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “அண்டைக்கு, ஆரைப் பற்றிச் சொன்னனீங்கள், அப்பா?”

கொப்பியைக் கிழித்த நாளைத்தான் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே விளங்கியது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தன்னோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போன ஒருவரின் பெயரைச் சொன்னார். ஒரு காலையில் சந்தியில் ஆமி அப்பாவை மறித்து அந்த ஆளின் வீடு எது என்று கேட்டதாம். யாரும் அடிக்கவில்லை, வெருட்டவில்லை. வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்துக் கையைக் காட்டினாராம். ஆமி கூட்டிக்கொண்டு போன அந்த ஆள் பிறகு திரும்பி வரவேயில்லையாம்.

“எனக்கு நன்றி சொல்லிப்போட்டுத்தான் போனவங்கள்,” என்றார்.

பதினொரு வருடம் ஒரு மனிதரைப் பொறாமைக்காரராக வைத்திருந்திருக்கிறேன்.

அந்த ஆளின் மனைவி இப்போது எங்களுக்குப் பக்கத்தில், செவன் கிங்ஸில் இருக்கிறார். எங்கள் கோவிலுக்குத்தான் முதல் பூசைக்கு வருவார். அப்பா ஏன் எப்போதும் பிந்திய பூசைக்கே போகிறார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

“அவவோட எனக்காக நீ கதைப்பியோ?” என்று அப்பா கேட்டார். எத்தனை மேசைகளுக்கு முன்னால் அவருக்காகக் கதைத்திருக்கிறேன்!

“இல்லை அப்பா. இதை நீங்கள்தான் சொல்லவேணும். நான் பக்கத்தில நிக்கிறன்.”

நேற்றுப் பின்னேரம் செவன் கிங்ஸில் ரயிலை விட்டு இறங்கினோம். வீட்டு வாசலில் அப்பாவின் கை மணிவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நான் அழுத்தினேன். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஓரடி பின்னால் போய், அப்பாவை முன்னுக்கு விட்டேன்.