அப்பா சப்பாத்தைக் கழற்றிய இடம்

போன சனிக்கிழமை காலை, கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள என் வீட்டு வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். பக்கத்து வீட்டு அண்ணையும் அக்காவும் பயணம் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிழக்குக் கடற்கரை வரைக்கும் காரில் போய், வழியிலுள்ள கோட்டை கொத்தளமெல்லாம் பார்த்து வரப்போகிறார்களாம். பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் உத்தியோகம் எனக்கு. கார் புதிது. வழியும் அதுவே சொல்லும், பிரேக்கும் அதுவே பிடிக்கும். ஆனாலும் அக்கா நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்துவிட்டுத்தான் ஏறினார். கார் நகர்ந்ததும் அவை ஒவ்வொன்றாக நசிந்தன. அந்தப் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதில் கையசைக்கவும் மறந்துபோனேன்.

தேசிக்காய் மணத்துக்கு உங்களுக்கு என்ன நினைவு வருமோ, எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கம் வரும். இதை இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை சொன்னேன், அதுவும் பகிடியாக. அந்தக் கதைக்கும் வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் பதினாலாம் மாடியில் ஒரு அபார்ட்மென்ற். எனக்கு இருபத்தாறு வயது. கார்க் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையில் வேலை. என்னிடம் இருந்த காரோ எந்தத் தொழிற்சாலையில் எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு மண்ணிறக் கார். அதன் பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஒவ்வொரு தரமும் நான் இறங்கிப்போய்த் திறந்துவிடுவேன். மகன் மரியாதை தெரிந்தவன் என்று அம்மா அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தார்.

நான்தான் அப்பாவையும் அம்மாவையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டேன். அப்பா ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தென்று ஒன்று கண்ணில் பட்டால் வாசிக்காமல் நகரமாட்டார். ஷாம்பூப் போத்தலின் பின்பக்கத்தைக்கூட முழுக்க வாசித்துவிட்டுத்தான் குளிப்பார். வந்தவர்களையெல்லாம் அந்தக் காலத்தில் நயாகராவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவோம். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு படம், அதோடு கனடா பார்த்து முடிந்தது. அப்பாவின் ஆசை வேறு. ஒட்டாவாவில் இருக்கிற பாராளுமன்றத்தைப் பார்க்க வேண்டும்.

"அதுக்குள்ளை இருந்தவையள் தானே சட்டம் போட்டு அகதியா வந்த எங்கடை பிள்ளையளை ஏத்துக்கொண்டவை. ஒருக்கால் வாசலிலை நிண்டு கும்பிட்டிட்டு வரவேணும்" என்பார்.

அம்மா அதை நேர்த்திக்கடனாகவே எடுத்துக்கொண்டார். நிரந்தரமாகத் தங்குவதற்கான லான்டட் பேப்பர் கையில் கிடைத்த அன்று பஞ்சாங்கம் பார்த்து நாளும் குறித்தாயிற்று. தேங்காய் உடைக்க வேண்டும் என்றும் ஒரு பேச்சு வந்தது. பொலிஸ் பிடிக்கும் என்று சொல்லி அதை மட்டும் நிறுத்தினேன்.

குறித்த சனிக்கிழமை காலை அம்மா சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்தபோதே எனக்கு அவசரம். மாலை ஆறு மணிக்கு மோர்னிங்சைட்டில் நண்பன் ஒருவனின் பேஸ்மன்றில் கடதாசி விளையாட்டு இருந்தது. எங்கள் ஆட்கள் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்துக்கு இருந்தால் கை குறையக் கூடாது. குறைந்தால் ஒரு மாதத்துக்கு வைது தீர்ப்பார்கள். வீட்டில் "ஆறு மணிக்கு ஒரு அலுவல் இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒட்டாவா எவ்வளவு தூரம் என்று நான் ஒழுங்காகப் பார்க்கவுமில்லை. இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகுதான், போய்ச்சேரவே இன்னும் இரண்டரை மணித்தியாலம் வேண்டும் என்பது உறைத்தது. வழிநெடுக அப்பா, வரலாற்று இடங்களில் நட்டிருக்கும் நீலப் பலகைகளைக் கண்டு, "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டன், என்ன எழுதியிருக்கெண்டு பாப்பம்" என்றார். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் வரும்போது பார்ப்போம் என்றேன். நாலாம் பலகைக்கு அவர் கேட்கவில்லை.

மத்தியானம் கிங்ஸ்டனில் இறங்கினோம். ஏரிக்கரைப் புல்வெளியில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டடம். வெள்ளைச் சாம்பல் கல், முன்னால் பருத்த தூண்கள், மேலே வட்டக் கூரை, அதில் மணிக்கூடு. அந்த ஊரின் நகரசபை அது. அம்மா கை கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இதோ தம்பி, பாராளுமன்றம்?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணி. இப்போது திரும்பினால் நாலுக்கு வீடு, ஆறுக்குக் கடதாசி.

"ஓம்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டவனல்ல நான். அம்மா நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். இப்படிச் சொல்வதும் ஒரு சப்பைக்கட்டுத்தான், உங்களுக்கும் விளங்கும்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். சுவரில் பதித்திருந்த பலகைக்கு முன்னால் குனிந்தார். நாற்பது வருடம் தபாற்கந்தோரில் ஆங்கில முகவரி வாசித்தவர். போதாததற்கு, அந்த நாளில் இரண்டு டொலர் தாளில் ராணியின் பக்கத்தில் ஒட்டாவாப் பாராளுமன்றம் அச்சடித்திருக்கும். அதைக் கூர்க்கோபுரத்தோடு அவர் எத்தனையோ தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவர் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். நானும் அம்மாவும் பின்னால் போய் நின்றோம். நான் கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. விலாசம் பிழைத்து வந்த கடிதத்தை என்ன செய்வது என்று யோசிக்கிறவரைப்போல ஒரு பார்வை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இதுதான் பாரும். சப்பாத்தைக் கழட்டும்."

தன்னுடையதையும் கழற்றினார். இரண்டு பேரும் யூலை வெயிலில் கொதித்த கல்லில் வெறுங்காலோடு நின்று, கைகூப்பி, கண்ணை மூடினார்கள். அம்மாவின் உதடு அசைந்தது. பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார், என் பெயரும் அதில் இருந்திருக்கும். ஐஸ்கிறீமோடு வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இவர்களை எனக்குத் தெரியாது என்பதுபோல நாலு அடி தள்ளிப்போய் நின்றேன். அம்மா கேட்டதற்காகப் படமும் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது அம்மா பின்னால் நித்திரையாகிவிட்டார். பிறகு அப்பா கேட்டார்:

"ஆறு மணிக்கு அலுவல் எண்டனி. நேரத்துக்குப் போயிடலாம் தானே?"

கண்டித்திருந்தால் வாய்காட்டியிருப்பேன். "ஓம்" என்றேன்.

நேரத்துக்குப் போனேன். கையில் நல்ல கடதாசி விழுந்த சந்தோசத்தில் முழுவதையும் பகிடியாகச் சொன்னேன். வெறுங்காலை, கைகூப்பியதை, நடித்தும் காட்டினேன். மேசையே குலுங்கச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. தாய் தகப்பனை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். "நீ இறக்கு" என்று கடதாசியைக் காட்டினான். அவனுடைய முகத்தை இன்றுவரைக்கும் மறக்க முடியவில்லை.

அடுத்த கோடைக்கு உண்மையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று எனக்குள் சத்தியம் செய்தேன். அடுத்த கோடைக்குக் கலியாணம். அதற்கடுத்ததற்கு வீடு. பிறகு அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். வீட்டுக்கு வந்த யாராவது ஒட்டாவா பார்த்தீர்களா என்று கேட்டால் அவர், "ஓம், மகன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவன்" என்பார். நான் குசினிக்குள் நழுவிவிடுவேன். அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்ததால், கிங்ஸ்டனில் படித்த பிள்ளை யாராவது வருகிறதென்றால் அந்த அறைக் கதவை முன்கூட்டியே சாத்திவைப்பேன். அப்பா கடைசிவரைக்கும் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க ஆறு வருடம் இருந்தது எனக்கு.

அந்த மண்ணிறக் கார் இப்போது இல்லை. இரண்டு டொலர் தாளும் இல்லை. கடதாசிக் கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. மோர்னிங்சைட் பக்கம் போனால் அந்த வீட்டைக்கூட அடையாளம் பிடிக்க முடியவில்லை. அப்பா போய் எத்தனையோ பனிக்காலம் ஆகிவிட்டது. கிங்ஸ்டன் கட்டடம் மட்டும் போட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது.

மகள் இப்போது ஒட்டாவாவில் படிக்கிறாள். போன மாதம் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அப்பம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கு எண்பத்தாறு. கண்ணில் புரை எடுத்த பிறகு எதுவும் தப்பாது. கைபேசியையும் சுவரிலிருந்த பழைய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வேறையெல்லோ தம்பி. நாங்கள் கும்பிட்டது வட்டக் கூரை."

இப்போதாவது சொல்லிவிடு என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அப்பாவும் பொய் சொன்னார் என்றாகிவிடுமே என்று மூடினேன். அதுவும் எனக்கு வசதியான சாட்டுத்தான்.

"அதை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டினவங்கள் அம்மா."

அம்மா எழுந்துபோய்ப் படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அப்பாவின் வெறுங்காலடியில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

"நல்ல காலம், அப்பா ஒண்டும் தெரியாமலே போயிட்டார். தெரிஞ்சிருந்தால் மனுசன் தாங்கியிருக்காது."