லூர்து காரின் ஸ்டார்ட்டரும் சவரிமேரியின் சோப்பும்

கடலூர் முதுநகரில் என் வீட்டிலிருந்து நான்காவது வீடு மரியலூர்துவுடையது. பேருந்துப் பணிமனையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் பத்தொன்பது ஆண்டுகள் அவர் அங்கே ஃபிட்டர்; எனக்குப் பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். எனக்கு எழுபத்தாறு வயது, அவருக்கு அறுபத்தேழு. ஓய்வு பெற்ற பின்பும் என்னை "சார்" என்பதை அவர் விடவில்லை.

பணிமனையில் அவரைப்பற்றி ஒரு பேச்சு உண்டு. லூர்து கழற்றிய நட்டு தரையில் கிடக்காது. எதைக் கழற்றினாலும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவார். கோபம் வந்தால் பேசமாட்டார், ஸ்பேனர்களைத் துடைப்பார். மனைவி சவரிமேரியோடு சண்டை போட்ட நாளில் அவருடைய ஸ்பேனர்கள் பளபளக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

2023 அக்டோபரில் சவரிமேரிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. முதல் ஆறு மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தால் எழுந்து நடப்பார் என்று டாக்டர் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் பயிற்சி. பஸ் படியில் அவரால் ஏற முடியாது. இந்தக் காலத்துக் கார்களில் குனிந்து நுழைய வேண்டும், அதுவும் ஆகாது. லூர்துவின் 1987 அம்பாசிடரில் மட்டும் கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, காலை உள்ளே தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காரில் இருந்தது அதன் சொந்த எஞ்சின் அல்ல. 2021 மார்ச் 13, சனிக்கிழமை, சிதம்பரத்தில் ஒரு பட்டறையில் வைத்து, ஒரு பழைய வேனின் டீசல் எஞ்சினை லூர்துவே அதில் மாற்றினார். நான் கூட இருந்து, என் வழக்கப்படி நடந்ததையெல்லாம் நேரத்தோடு நோட்டில் எழுதி, எஞ்சின் நம்பரையும் குறித்துக்கொண்டேன்.

2024 ஜனவரி 9, செவ்வாய். பயிற்சி முடிந்து திரும்பும்போது சிதம்பரம் கீழ வீதியில் கார் நின்றது. சாவியைத் திருப்பினால் உள்ளே ஸ்டார்ட்டர் மோட்டார் முனகியதே தவிர எஞ்சின் சுற்றவில்லை. பூக்காரம்மாவும் ஆட்டோக்காரர்கள் இருவரும் தள்ள வந்தார்கள். துணைக்குப் போயிருந்த நானும் முன் இருக்கையிலிருந்து இறங்கிக் கை வைத்தேன்.

"உள்ள இருக்கற அம்மாவ எறங்கச் சொல்லுப்பா, வெயிட்டு ஜாஸ்தியா கீது," என்றார் ஒருவர்.

"அவுங்களால எறங்க முடியாதுப்பா," என்றார் லூர்து.

எல்லோரும் ஒரே நேரத்தில் சவரிமேரியைப் பார்த்தார்கள். தள்ளியதில் கார் கிளம்பிவிட்டது. பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் சவரிமேரி, மகன் பெயரை வைத்து எப்போதும் அழைப்பதுபோலக் கணவரை அழைத்தார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஆண்ட்ரூப்பா. தள்ளுனா... நான் வரல."

லூர்து சிரித்து மழுப்பினார். வெள்ளிக்கிழமை காலையில் சவரிமேரி கட்டிலைவிட்டு எழவில்லை. "தானா கெளம்புனா ஏர்றேன்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் கெஞ்சியும் பலிக்கவில்லை. அன்று மாலை லூர்து எல்லா ஸ்பேனர்களையும் துடைத்தார்.

வியாழக்கிழமையே அவர் புதுச்சேரி போய், என் நோட்டில் இருந்த எஞ்சின் நம்பரைக் காட்டி ஒரு ஸ்டார்ட்டர் வாங்கி வந்திருந்தார். வழக்கப்படி பழைய ஸ்டார்ட்டரைக் கடைக்காரர் மாற்றுக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையே மாட்டிச் சாவியைத் திருப்பினோம். கல்லை அரைப்பதுபோல் கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பொங்கல் கழிந்து 18ஆம் தேதி கடையில் அதைக் கொடுத்து அதே நம்பருக்கு இன்னொன்று வாங்கி வந்தார். அதே சத்தம்.

பணிமனையில் நாங்கள் பழகியது அப்படி. வண்டிக்கு ஒரு அட்டை உண்டு, அட்டையில் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பருக்கு நான் சாமானைக் கொடுப்பேன், அவர் மாட்டுவார். பொருந்தாவிட்டால் சாமான் கோளாறு. நம்பர் தப்பாக இருக்கும் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"சார் நோட்டுல இருந்தா சரியாத்தான் சார் இருக்கும்," என்றார் லூர்து. அன்று அந்த வார்த்தை எனக்கு இனிக்கவில்லை. 19ஆம் தேதிப் பயிற்சியும் போயிற்று.

20ஆம் தேதி சனிக்கிழமை, நாங்கள் ஸ்டார்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே எஞ்சினின் பின்பக்கத்துப் பெரிய சக்கரமும் அதன் விளிம்புப் பற்களும் தெரிந்தன. ஸ்டார்ட்டரின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்வித்தான் எஞ்சினைச் சுற்றும். லூர்து திடீரென்று தலையில் கை வைத்தார்.

"சார், இது வேன் சக்கரமே இல்ல சார்! வேன் சக்கரம் நம்ம கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ள போவல. கொளஞ்சி கடையில வேற சக்கரமும் அதுக்கேத்த ஸ்டார்ட்டரும் எடுத்தாந்து போட்டேன். நீங்க சாப்புடப் போயிருந்தீங்க."

நோட்டைப் புரட்டினேன். எஞ்சின் மாற்றிய அன்று பகல் 1.20 முதல் 2.45 வரை என் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

கொளஞ்சி சிதம்பரத்தில் பழைய வாகன சாமான் கடை வைத்திருப்பவர். போனில் கேட்டால், "எந்த வண்டிச் சக்கரம்னு எனக்கின்னா தெரியும் மாமா? லோடுல வந்துது. பழைய ஸ்டார்ட்டர எடுத்தாங்க, ஜோடி பாக்கலாம்," என்றார். பழையதுதான் புதுச்சேரியில் போய்விட்டதே. கடையில் கேட்டோம், அன்றே உடைத்துவிட்டார்களாம்.

வாசற்படிக்குள் நாற்காலியில் இருந்த சவரிமேரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கையைத் தூக்கினார்.

"அச்சு... எடுத்துட்டுப் போ."

கிறிஸ்துமஸ்தோறும் எங்கள் தெரு முழுக்க அவருடைய அச்சு முறுக்குதான்; சக்கரப் பல்லின் தடத்தை அச்செடுத்துப் போகச் சொல்கிறார். லூர்து ஓடிப்போய்ச் சப்பாத்தி மாவை எடுத்து வந்து பற்களின் மேல் அழுத்தினார். எடுக்கும்போது மாவு இழுபட்டு நீண்டது.

"மாவு ஏன்? சோப்பு இல்ல?" சவரிமேரி வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "இந்த ஆளு... முப்பது வருசம்... ஃபிட்டராம்."

புதிய துணிச்சோப்புக் கட்டியை ஈரத்தில் சற்று இளக்கி, பற்களைத் துடைத்துவிட்டு அழுத்தினோம். ஆறு பற்களின் தடம் சுத்தமாக விழுந்தது. ஸ்டார்ட்டர் துளையின் மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்து போல்ட் ஓட்டைகளைக் குத்திக்கொண்டேன். துளையின் வாயிலிருந்து பல் வரை ஆழம் 27 மில்லிமீட்டர். இருமுறை அளந்தேன். ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அட்டையிலேயே அம்புக்குறி போட்டேன்.

22ஆம் தேதி பஸ்ஸில் சிதம்பரம் போனோம். கொளஞ்சி ஏழு ஸ்டார்ட்டர்களைச் சாக்கின்மேல் பரப்பினார். லூர்து ஒவ்வொன்றின் சின்னப் பல்சக்கரத்தையும் சோப்பின் தடத்தில் உருட்டிப் பார்த்தார். நான்கு சோப்பை வெட்டின. இரண்டில் பல் சரி, ஓட்டை அட்டையோடு சேரவில்லை. கடைசியாக ஒரு மினி லாரியுடையது. பற்கள் தடத்தில் விழுந்து எழுந்து உருண்டன. ஓட்டை, ஆழம், சுற்றும் பக்கம், மூன்றும் ஒத்துவந்தன. டீசல் எஞ்சினைச் சுற்றும் பலமும் அதற்கு இருந்தது.

"சோப்பு போட்டு ஸ்டார்ட்டர் தேடற ஆள இப்பதான் பாக்கறேன்," என்றார் கொளஞ்சி.

"என் வூட்டம்மா சொன்னது," என்றார் லூர்து.

மாலை 5.35க்கு மாட்டி முடித்தோம். ஒரே திருப்பில் பிடித்தது. லூர்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சவரிமேரி மறுநாளுக்கு உடுத்த வேண்டிய புடவையைக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை மூவரும் போனோம். பயிற்சி முடிந்து திரும்பும்போது கீழ வீதியில், அன்று நின்ற இடத்துக்குச் சற்று முன்னால், சவரிமேரி கணவரின் தோளைத் தட்டினார்.

"நிறுத்து."

நிறுத்தினார்.

"ஆஃப் பண்ணு."

"மேரி, நடு வீதிம்மா இது."

"பண்ணு."

எஞ்சின் அடங்கியது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. பூக்காரம்மா எங்களை அடையாளம் கண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மறுபடியுமா?" என்று தள்ளுவதற்கு வந்தார். சவரிமேரி கண்ணாடிக்கு வெளியே வலது கையை நீட்டி, அவரை வேண்டாம் என்று தடுத்தார்.

"இப்ப போடு."

லூர்து சாவியைத் திருப்பினார். அரை நொடிகூட ஆகவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பூ குடும்மா, ரெண்டு முழம்," என்றார் சவரிமேரி. அன்று அவர் குழறாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. நேரம் காலை 11.50.

வரும் வழியில் சோப்பு எங்கே என்று கேட்டார். வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கிறதாம். லூர்து என்னைப் பார்த்தார். அச்செடுத்த அந்தச் சோப்பு என் பையில், துணியில் சுற்றியபடி இருந்தது. புதுச் சோப்பு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.