பை இருக்கிறது, ஆள் வருவார்

தச்சர் செம்பியனின் கையை நம்பலாம், வாயை நம்ப முடியாது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை அவரிடம் வேலை கொடுத்த யாரைக் கேட்டாலும் இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார்கள். அவர் நாளைக்கு என்றால் அடுத்த வாரம். ‘வந்துகினே கீறேன்’ என்றால் வீட்டில் இன்னும் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவரை, கூப்பிட்ட குரலுக்குச் சைக்கிளில் வந்து நின்றவர்தான். குடிசைகளை எடுத்துவிட்டு எல்லாரையும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் பிறகு வேலைக்கு வருவதே தனி வேலையாகிவிட்டது. ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தேடினால் நடுவில் சும்மா உட்கார வேண்டும். அதனால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வீடுகளில் வேலையைத் தொடங்கிவைப்பார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டூல்ஸ் பையை விட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, அதே கதைதான். கருவிகளை விட்டுவிட்டு எந்தத் தச்சர் ஓடிப்போவார்? பை இருக்கிறது, ஆள் வருவார் என்று வீட்டுக்காரர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

உண்மையான பை எப்போதும் செம்பியனின் தோளில்தான் இருக்கும். வீடுகளில் கிடப்பவை அவர் மனைவி செண்பகம் பழைய ஜீன்ஸ் துணியில் தைத்துக் கொடுத்தவை. உள்ளே துருப்பிடித்த ரம்பம், பிடி கழன்ற உளி, கனத்துக்கு ஓர் அரைச் செங்கல்.

“மாட்டிக்கினா அசிங்கமாப் பூடும்யா” என்று செண்பகம் ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிக்கொண்டே தைத்தும் கொடுப்பார்.

மயிலாப்பூரில் வைதேகி மாமி வீட்டு வேலை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மாமியின் கணவர் அனந்தராமன் குளியலறையில் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் இருந்தார். விழுந்தவரின் உடம்பே உள்பக்கம் திறக்கிற கதவை அடைத்துக்கொண்டுவிட்டது. வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளத் தள்ள, கதவு அவர் காலில்தான் இடித்தது. அதைச் சொல்லிவிட்டு மாமி அந்தக் கதவைக் காட்டினார்.

“வெள்ளிக்கிழமை மாமாவை ஆத்துக்கு அழைச்சுண்டு வரேன்ப்பா. அதுக்குள்ள அந்தக் கதவு வெளிப்பக்கமா தொறக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“இன்னா மாமி, ஒரு கதவு. நாளைக்கே மாட்டிடறேன்.”

சொல்லும்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார். எப்போதும் அப்படித்தான். அன்றே கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். மதியம் அடையாற்றிலிருந்து ஸ்ரீநாத் கூப்பிட்டார். அவர் வீட்டு அலமாரி பாதியில் நின்றது. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வரப்போகிறார்கள். “பை இங்கயே கீது மாமி, தோ வந்துடறேன்” என்று செம்பியன் கிளம்பினார்.

ஸ்ரீநாத்துக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். செம்பியனால் நழுவ முடியவில்லை. புதனும் வியாழனும் மாமி விடாமல் போன் செய்தார். செம்பியன் சொன்னபடி, அவர் ஒரு தடவை மந்தைவெளி சிக்னலில் இருந்தார், ஒரு தடவை வண்டி பஞ்சர், ஒரு தடவை கீல் வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாமியிடமிருந்து போனே வரவில்லை. திட்டுகிறவர்களைச் செம்பியனுக்குச் சமாளிக்கத் தெரியும். கூப்பிடாமல் விட்டவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. மத்தியானம் ஸ்ரீநாத் ஏதோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அங்கே இருந்த ஜீன்ஸ் பையை அப்படியே விட்டுவிட்டு மயிலாப்பூருக்கு வந்துவிட்டார்.

கூடத்தில் அனந்தராமன் வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காபி ஆறி ஆடை படிந்திருந்தது. கதவில்லாத குளியலறை வாசலில் ஒரு பழைய புடவை தொங்கியது.

“ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை. குடிச்சா உள்ள போகணுமே. விசாரிக்க வரவா போறவா எல்லாரும் எதிர்லயே உக்காந்திருக்கா. புடவைக்குப் பின்னால போக மாட்டேன்னுட்டார்” என்றார் மாமி.

“விடு, அதான் வந்துட்டாரே” என்றார் அனந்தராமன். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

செம்பியன் புடவையை அவிழ்க்கப் போனார். மர நிலையில் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, கயிறு கட்டி, அதில் புடவையைப் போட்டிருந்தார்கள். ஆணிகளைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் சிவப்பாகப் பொடி அப்பியிருந்தது. செங்கல் பொடி. சுத்தியலைத் தேடிப் பையைத் திறந்திருக்கிறார் மாமி. கிடைத்ததை வைத்து அடித்திருக்கிறார்.

செம்பியனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிலையில் கீலுக்கு இடம் வெட்டி, கதவின் ஓரத்தை இழைத்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார். மாட்டிய கையோடு அனந்தராமன் எழுந்தார். வாக்கரை நகர்த்தி நகர்த்தி உள்ளே போய், கதவைத் தானே இழுத்து மூடிக்கொண்டார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து நாற்காலிப் பக்கத்தில் வைத்தார்.

வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். அதற்குக் கடைக்குப் போக வேண்டும். “பை இங்க...” என்று பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது. நிறுத்திக்கொண்டார். தோளில் இருந்த பையை இறக்கி, மாமியின் முன்னால் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கடையில் நிற்கும்போது ஸ்ரீநாத் கூப்பிட்டார்.

“எங்க போயிட்டீங்க? பை இங்கதானே இருக்கு?”

“தோ சார், வந்துகினே...” என்று ஆரம்பித்து, “அப்புறம் பேசறேன் சார்” என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது தோள் பையின் ஜிப் திறந்திருந்தது. மாமி மறைக்கவில்லை.

“பாத்தேன்ப்பா. இதுலயும் செங்கல் இருக்கோன்னு.”

செம்பியன் தலையைக் குனிந்துகொண்டு தாழ்ப்பாளைப் பொருத்தினார். முடிந்ததும் மாமி கூலியோடு சூடாகக் காபியும் கொடுத்தார். அதைக் குடிக்கத்தான் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது மூலையில் கிடந்த ஜீன்ஸ் பையை எடுத்தார். கனம் இல்லை. அரைச் செங்கல், திறந்த குளியலறைக் கதவு ஆடாமல் இருக்க அதற்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

“அது இருக்கட்டும், இங்க உபயோகமாறது” என்றார் மாமி. “அடுத்த ஆத்துக்கு உனக்கு வேற கல் கிடைக்காதா என்ன?”

தெருமுனையில் புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. நடைபாதையில் செங்கலை அடுக்கிவைத்திருந்தார்கள். அதன் முன்னால் செம்பியன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனை எடுத்து ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டார்.

“சார், அந்தப் பையைக் கொஞ்சம் தொறந்து பாருங்க. பாத்துட்டு, நாளைக்கு நான் வர்லாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”