மூட்டில் சொட்டிய எண்ணெய்

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தேயிலைத்தூளாக்கும் ஆலையில், இஞ்சின் ஓட, மாதத்துக்கொருமுறை எண்ணெய் லொறி வரும். மேலே ரோட்டில் லொறியை நிறுத்தி, அதன் தடித்த ரப்பர் குழாயைக் கீழே தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயோடு பொருத்துவார்கள். அந்த மூட்டுக்கு நாலு நட்டு. நாலையும் இறுக்கிய பிறகுதான் லொறியில் பைப்பைத் திறக்கவேண்டும். இறுக்குகிற வேலை என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு.

மாமா மூன்றைத்தான் இறுக்குவார். நாலாவதைக் கொஞ்சம் விட்டுவைப்பார். அதில் சொட்டுவதை, வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் டின்னில் பிடித்துப்போவார்கள். மண்ணெண்ணெயோடு கலந்து விளக்கெரிப்போம். குழாயில் போவது துரைக்கு, சொட்டுவது லயத்துக்கு என்று பேச்சே இருந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்குத் தெரிந்தால் மட்டும் பத்துச்சீட்டுத்தான், வேலை போய்விடும். குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு இறங்கவேண்டும்.

அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். எட்டு வயதில் நான்தான் டின்னோடு போனேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் டின்னில் அடிதான் நனைந்திருந்தது.

"மாமா, இன்னுங் கொஞ்சம் தளத்துங்க."

"ஒங்கம்மாவுக்குத் தப்பாம பொறந்திருக்கடி." சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் திருப்பினார். "போதுமா மகாராணி?"

"போதாது" என்றேன்.

பக்கத்து நட்டையும் தளர்த்தினார். குழாயின் பாரம் தாங்காமல் மூட்டு பிளந்தது. மாமா என்னைப் பிடித்துத் தேயிலைச் செடிக்குள் தள்ளினார். எண்ணெய் அவர் தலைவழியே கொட்டி, சரிவில் ஓடி, ஸ்டோர் அடுப்பிலிருந்து வாரிப்போட்டிருந்த தணலில் விழுந்தது. பைப்பை மூட மேலே ஏறியவரை நெருப்பும் ஏறிப் பிடித்தது. மூடிவிட்டுத்தான் விழுந்தார்.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். டீமேக்கர் ஐயா குனிந்து கேட்டார்.

"யாருக்காகடா நட்டத் தளத்துன?"

"யாருக்குமில்லீங்கய்யா. இறுக்க மறந்துட்டேன்."

"இந்தப் புள்ள டின்னோட நின்னுச்சாமே?"

மாமா என்னைப் பார்த்தார். உதடு வெந்திருந்தது. "இல்லீங்கய்யா. இது அங்க வரவேயில்லீங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தள்ளியதில் என் முழங்கை கிழிந்து எரிந்துகொண்டிருந்தது. வந்தேனே என்று வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள்.

விடிவதற்குள் மாமா போய்விட்டார். அம்மா தம்பியைச் சொல்லி மாரடித்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், ஒரே நாளில் மாமா என்னை மறந்துபோனாரே என்று.