பதிவில் இல்லாத மாரிசாமி

மத்தகொண்டப்பள்ளியில் பிறந்து பெங்களூரில் சட்டக் கல்லூரி விரிவுரையாளரானவர் ஆரோக்கியசெல்வி. "உலக நாடுகளோட சட்டத்தைப் படிச்சு நம்மூருல யாருக்கு வாதாடப் போறே?" என்று அப்பா சவரியப்பன் கேலி செய்வார். செல்வி சிரித்துவிட்டு ஆய்வேட்டுக்குத் திரும்பிவிடுவார். சட்டத்தின் முன் ஒவ்வொருவரையும் ஒரு ஆளாக ஏற்க வேண்டும் என்ற மனித உரிமைதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

1968 மார்ச்சில் முனிலட்சுமி என்ற கூலிக்காரப் பெண், செல்வி சட்டம் படித்தவர் என்று கேள்விப்பட்டு, கைக்குழந்தையோடு அவர் வீடு தேடி வந்தாள். பிரசவத்துக்கு மத்தூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாளாம். திரும்பி வந்தபோது பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்த கணவன் மாரிசாமி இல்லை.

"அப்படி ஒரு ஆளே இல்லைங்கறாங்கம்மா. என்னையும் தெரியாதாம்."

மறுநாளே செல்வி அவளோடு பஸ் ஏறினார். நண்பகல் வெயிலில் குவாரிப் பள்ளத்துத் தண்ணீர் கரும்பச்சையாக அசையாமல் கிடந்தது.

"அப்படி ஒரு ஆளு இங்க இருந்ததே இல்லீங்க" என்றார் குமாஸ்தா.

டீக்கடையிலும் அதே பதில். தொழிலாளர்கள் குடியிருந்த கூலி லைனில் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்டார். பாஷை மாறியது, வார்த்தை மாறவில்லை. ஆறாவது வீட்டில் செல்வி வாய் திறக்கும் முன்பே பதில் வந்தது.

மாரிசாமி இருந்த வீட்டில் வேறு குடும்பம். "பத்து வருசமா நாங்கதான் இருக்கோம்" என்றாள் அந்த வீட்டுக்காரி. முனிலட்சுமி சுவரைத் தொட்டாள். ஈரச் சுண்ணாம்பு விரலில் ஒட்டிக்கொண்டது.

"அம்மா, எனக்கு நெசமாவே கல்யாணம் ஆச்சுதானே?"

செல்வி அவள் இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டினார். வேறு சாட்சி அவர்களிடம் இல்லை.

மாரிசாமியின் கதையை செல்வி ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதினார். 'ஆதாரமில்லாத அத்தியாயம், எடுத்துவிடுங்கள்' என்றார் ஆய்வு வழிகாட்டி. செல்வி எடுக்கவில்லை. குவாரிப் பள்ளத்தை இறைத்துப் பார்க்கச் சொல்லி, பதினான்கு மாதம் தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்கு மனு மேல் மனுவாகக் கொண்டுபோனார். கடைசியில் 1969 மே மாதம் அதிகாரிகள் முன்னிலையில் பள்ளத்துத் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்தார்கள்.

அடியில் மூன்று எலும்புக்கூடுகள் கிடந்தன. எது யாருடையது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

கூலி லைன் ஆட்கள் கரையில் கூடியிருந்தார்கள். அவர்களில் கல் ஏற்றும் கௌஸ் பாஷா தலைப்பாகையைக் கழற்றினார். "மாரிசாமி என்கூடத்தான் வேலை செஞ்சான்."

முனிலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதன்பின் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். காணாமல் போன தம்பி பெயர், மச்சான் பெயர், பக்கத்து வீட்டுக்காரி பெயர். செல்வி நோட்டில் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்து எண்ணினார்.

மொத்தம் ஏழு பெயர்கள்.

அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பக்கத்துப் பள்ளத்தையும் இறைக்கச் சொல்லி அடுத்த மனுவை எழுதத் தொடங்கினார்.