கச்சான் திரும்பிய காலை

கடற்கரை ஊரில் பெண்ணெடுத்து, அங்கேயே குடியும் இருக்கிற மலைப்பக்கத்துக்காரன் நான். திருவட்டாறு பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்குக் காற்று எந்தத் திசையில் வீசினால் என்ன? மனைவியின் தம்பி இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. கடலில் பிறந்தவன் அவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைப் பூசையில் என் மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். மனைவி வீட்டார் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் குடும்பம். பூசை நடுவில் அப்பத்தை உயர்த்தி மணி அடிக்கும்போது மற்றவர்களைப்போல மண்டியிட மாட்டேன், ஆனால் முன்வரிசையில் இருப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். பூசையில் அவள் சொல்ல வேண்டிய மன்றாட்டு ஒரே வரி, மழைக்காக. ஒரு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வைத்ததும் நான்தான்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. அதனால் அன்றைக்குப் பச்சைமீன் கிடையாது. விருந்தில் நானே பிடித்த மீனை வைத்து மைத்துனன் வாயை அடைத்துவிடலாம் என்று புத்தி போயிற்று. படம் எடுக்க வேண்டுமே என்று கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குள் வருவதாகச் சொல்லித் தூண்டில் வளைவுக்குப் போனேன்.

தூண்டில் வளைவு என்பது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்சுவர். அதன் நடுவில் இருபதடி நீளத்துக்குக் கல் அமுங்கிக் கிடந்தது. விடியற்காலையில் அதைத் தாண்டி நுனிக்குப் போனபோது கால்கூட நனையவில்லை. கரைக்காற்று முதுகில் வீசியது. தூண்டிலை வீசினால் எங்கேயோ போய் விழுந்தது, கடல் விரித்த பாய்போலக் கிடந்தது. தண்ணீர் ஏற ஏற மீன் கல்லிடுக்கைத் தேடி வரும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு எழுந்திருந்தால் தப்பியிருப்பேன். சரியாக அப்போதுதான் முதல் விளமீன் கடித்தது. ஆசை யாரை விட்டது? மூன்றாவது மீனை வாளியில் போட்டபோது சட்டை முதுகில் படபடக்காமல் தொங்கியது. காற்று செத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, வலது கன்னத்தில் அறைந்தது. வீசிய தூண்டில் என் காலடிக்கே திரும்பி வந்தது.

எங்கள் கடலில் ஏற்றம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஏறின தண்ணீரின் மேல் கச்சான் அலையைத் தூக்கிப் போட்டால் கதை வேறு. திரும்பிப் பார்த்தேன். அமுங்கின இடத்தில் சுவரே இல்லை. ஒவ்வோர் அலையும் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்? ஊரே கோயிலில் இருந்தது. நீச்சல் தெரியாதவன் கல்லில் குந்தி என்னையே திட்டிக்கொண்டேன். வாளியை எப்போது அலை கொண்டுபோனது என்று தெரியவில்லை.

கோயில் மேற்கே இருந்தது. என்னைச் சிறைவைத்த காற்றே ஒலிபெருக்கியை என்னிடம் கொண்டுவந்தது. பாட்டு, வாசகம், பிரசங்கம் எல்லாம் கேட்டேன். பிறகு மகளின் குரல். “மழைக்காக...” என்று தொடங்கி நின்றுவிட்டாள். முன்வரிசையைத் தேடியிருப்பாள்.

“எங்கப்பா தூண்டில் வளைவுக்குப் போனாவ. இன்னும் வரல்ல. நீரு அப்பாக்க கூட இருக்கணும், ஆண்டவரே.”

ஊர் மொத்தமும் ஒரே குரலில் எனக்காக மன்றாடியது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைத்துனன் ஓடிவந்தான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்.

“மச்சான், தண்ணில சாடிராதயும்! இந்த அலையில வள்ளத்தக் கல்லுகிட்ட அடுப்பிக்க முடியாது. தண்ணி வத்தட்டும், அங்கனயே இரியும்!”

“நீ போ! பிள்ளைக்க கூட நீயாவது நில்லு!”

“உம்ம விட்டுட்டு வந்தா அவ எங்கிட்ட பேசுவாளா? பேசாம இரியும்.”

அப்போது ஒலிபெருக்கியில் பூசை மணி அடித்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் வரிசையில் போய் நிற்பாள், அப்பாவும் மாமாவும் இல்லாமல். மைத்துனன் புது வேட்டியோடு ஈரக்கல்லில் மண்டியிட்டான். இருபதடித் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நானும் மண்டியிட்டேன்.