எங்கள் அத்தையை மாற்றிய ஐந்து பேர்

எங்கள் துறையில் யாரும் சும்மா பாஸாகிவிட முடியாது. முதலில் நாம் மாற வேண்டும், பிறகு இன்னொருவரை மாற்ற வேண்டும், இரண்டுக்கும் போட்டோ வேண்டும். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் கேன்டீனுக்கு மேல்மாடியில் நடக்கும் அந்த முதுகலைப் படிப்புக்கு உருமாற்றவியல் என்று பெயர். நான் அதில் முதல் மதிப்பெண். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான்.

அப்பாவுக்குச் செங்கல்பட்டில் பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார்.

“எம் பொண்ணு மனுசங்கள மாத்துற படிப்பு படிக்குது.”

“அப்பிடியா. எங்க மாமியாரக் கூட்டினு வரவா, அண்ணாத்த?”

படிப்பு முடிந்ததும் துறையிலேயே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். அந்த வருடம் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. இந்தப் படிப்பு தொடரலாமா, கேன்டீனை மாடி வரை நீட்டிவிடலாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் கையில் கொடுப்பதற்கு மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் எல்லோருடைய சாதனைகளையும் ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்றார் துறைத் தலைவர். நாங்கள் அவரைச் சார் என்று மட்டும் சொல்வோம். தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் களப்பணியும் அதில் ஒரு பக்கமாக வரும். அது வந்தால் அடுத்த வருடம் ஆராய்ச்சிப் படிப்புக்கான ஒரே இடம் எனக்குத்தான் என்று சார் ஏறக்குறைய வாக்கே கொடுத்திருந்தார். அப்பா அன்று மாலையே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். என் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது.

முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் போட்டேன். பதில்கள் வந்தன. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஊழியர்களுக்கு மூச்சு விடக் கற்றுத் தருகிறார் ஒருவர். அதுவரை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர் எழுதவில்லை. முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டில் மௌன முகாம் நடத்தும் அக்கா, அதைப் பற்றி ஃபோனில் முக்கால் மணி நேரம் பேசினார். இன்னொருவர் தன் சாதனை ‘அகந்தையைக் கைவிட்டது’ என்று மூன்று பக்கம் எழுதி, நான்கு கோணங்களில் எடுத்த புகைப்படங்களையும் அனுப்பி, எதைப் போட்டாலும் முழுப்பக்கமாகப் போடச் சொல்லியிருந்தார். ஒருத்தி கல்யாணப் பத்திரிகையை மட்டும் அனுப்பியிருந்தாள். அவள் மாப்பிள்ளையை எனக்குத் தெரியும் என்பதால் அதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியாகக் களப்பணிகள். எங்கள் துறையில் ஒவ்வொருவரும் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் கூடவே இருந்து, அவரிடம் ஏற்பட்ட மாற்றத்தை ஆய்வேடாக எழுத வேண்டும். அந்த மனிதரின் பெயரை எங்கும் சொல்லக் கூடாது. ‘பங்கேற்பாளர்’ என்றுதான் எழுத வேண்டும். போட்டோவிலும் அவர் முகம் தெரியக் கூடாது. ரகசியம் காப்பதாக ஒரு படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும். உறவினர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் அதே படிவத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். முடிந்த ஆய்வேடுகள் ஒரு இரும்பு அலமாரிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அவற்றை யாரும் படித்ததில்லை. நான்தான் முதல் ஆள்.

முதல் ஆய்வேட்டில், மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் ஒரு பெண் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். நல்ல விஷயம். இரண்டாவதில், அதே கடற்கரையில் மீன் வறுக்கும் பெண் ஒருவர் செல்ஃபோனில் பணம் வாங்கக் கற்றுக்கொண்டார். மூன்றாவதில், பேசவே கூச்சப்படும் ஒரு பெண் தன் குரலைக் கண்டடைந்தார். அவரும் மீன்தான் வறுத்தார். நான்காவதில் இப்படி ஒரு பத்தி இருந்தது: ‘பேட்டியின்போது பங்கேற்பாளர், “ராசா, மொளகாத்தூள் பறக்குது, அப்பால தள்ளிக் குந்து” என்றார். இது அவருள் உறங்கிக்கிடந்த தலைமைப் பண்பைக் காட்டுகிறது.’ நான்கு ஆய்வேடுகளின் நன்றியுரையிலும் வஞ்சிர மீனின் வால் துண்டுக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது.

அந்த வால் துண்டு எனக்கு நன்றாகத் தெரியும். விலை கேட்காமல், சாப்பிடுகிறாயா என்றும் கேட்காமல் தட்டில் போடுகிற பழக்கம் அந்தக் கடற்கரையில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் என் அப்பாவின் அக்கா. ஐந்தாவது ஆய்வேடு என்னுடையது. அதிலும் அவர்தான் பங்கேற்பாளர்.

சொந்த அத்தையை ஏன் எடுத்தேன் என்றால், படிவத்தின் சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். படித்தேன். கையெழுத்தும் போட்டேன். மற்றவர்கள் ஏன் எடுத்தார்கள் என்பது எளிது. களப்பணி என்றதும் எங்கள் ஆட்கள் செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறுவார்கள். இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் நிழலும் உட்கார இடமும் உள்ள முதல் கடை அத்தையுடையது. சமூக மாற்றத்தின் தேவை அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது. மறைமலை நகர் தொழிற்சாலை வாசலில் நிழலும் கிடையாது, மீனும் கிடையாது.

அடுத்த நாள் பஸ் பிடித்து அத்தையிடம் போனேன். கடையில் கூட்டமில்லை. மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்.

“அத்த, எங்க காலேஜ்லேர்ந்து எத்தினி பேர் உன்கிட்ட வந்துகீறாங்க?”

“நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“பேப்பர்ல கைநாட்டு வாங்கிகினு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. நானும் சொல்லல. உங்கிட்டயும் அதேதான் போட்டுக் குடுத்தேன், மறந்துட்டியா?”

ரகசியம் காக்க வேண்டியது நாங்கள். அத்தை அதைத் தான் காக்க வேண்டியது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படிவத்தை எங்கள் துறையின் வரலாற்றிலேயே ஒழுங்காக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

“உனக்குப் பேர் எழுதத் தெரியுமா தெரியாதா?”

“மொத வந்த பையன் கத்துக்குடுத்தான். நல்ல பையன்.”

“அப்புறம் வந்தவங்க எல்லாரும் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிகீறாங்களே.”

“வெயில்ல வந்து நிக்குதுங்க. எனக்குத் தெரியும்னு சொன்னா மூஞ்சி சுருங்கிப்போது. அதான், நீ இன்னா கத்துக்குடுக்க வந்தன்னு மொதல்ல கேட்டுப்பேன். அத மறந்துட வேண்டியதுதான்.”

எனக்குக் கேட்க விருப்பமில்லை. இருந்தாலும் கேட்டேன்.

“என் ஆறு மாசமும் அப்பிடித்தானா?”

அத்தை மசாலாக் கையோடு கொஞ்சம் யோசித்தார். “சேச்சே. உனக்கு மட்டும் கொஞ்சம் கூடவே மறந்தேன். நீ நம்ம பொண்ணாச்சே.”

கல்லூரிக்குத் திரும்பி என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. ‘ஆறாவது வாரத்தில் பங்கேற்பாளர் தன் பெயரைத் தானே எழுதியபோது கடல் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.’ முதல் ஆய்வேட்டைத் திறந்தேன். அந்தப் பையனுக்கு மூன்றாவது வாரத்திலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். எழுதத் தெரிந்த ஒருவருக்கு எழுதக் கற்றுத்தர நான் அவனைவிட மூன்று வாரம் அதிகம் எடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு வலித்தது அதுதான்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். மற்ற நான்கு பக்கங்களையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் வைத்தேன். ஒரு நாள் முழுக்க அது அப்படியே இருந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது. மறுநாள், அந்த நான்கும் ஒரே ஆள்தான் என்று ஆதாரத்தோடு சொல்லிவிடலாம் என்று சாரின் அறைக்குப் போனேன்.

சார் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். “இது வெளிய யாருக்காவது தெரியுமா?”

“இல்ல சார். எனக்கும் எங்க அத்தைக்கும் மட்டும்தான்.”

சார் கண்ணைத் திறந்தார். “உங்க அத்தைக்கு எப்படித் தெரியும்?”

முதல் மதிப்பெண் வாங்கிய வாய் அது. அதை வைத்துக்கொண்டு என்னால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சின்ன எழுத்து உட்பட.

சார் கோபப்படுகிறவர் இல்லை. கோபம் வந்தால் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொல்வார். அன்று நான் ஒருத்திதான் இருந்தேன். நாற்காலியைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். “அஞ்சு ஆய்வேட்டுக்கும் நான்தான்மா வழிகாட்டி,” என்றார். பிறகு, “நான் அந்தக் கடைக்கு ஒரு தடவகூடப் போனதில்ல,” என்றார். சார் சைவம்.

மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். நான் அறிமுகப்படுத்துவதற்குள் அத்தை சாரின் நரைத்த தலையையும் ஜோல்னாப் பையையும் ஒருமுறை பார்த்தார்.

“இந்த வயசுலயும் படிக்கிறீங்களா சார்? நல்லது. இப்பிடி நெழல்ல குந்துங்க. சொல்லுங்க, எனக்கு இன்னா தெரியக் கூடாது?”

சார் உட்கார்ந்தார். “உண்மையாவே இவங்கள்ல யாராவது உங்களுக்கு ஏதாவது பண்ணாங்களாம்மா?” என்று கேட்டார்.

“ஒரு பொண்ணு வந்துச்சு. பேப்பர்லாம் ஒண்ணும் கொண்டாரல. நாலு நாள் பாத்துச்சு. அஞ்சாம் நாள் அடுப்பத் தூக்கி ஒசரமா வெச்சு, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டுப் போச்சு. தரையில குந்திகினே வறுத்து முட்டி போயிருந்துச்சு எனக்கு. அதுக்கப்புறம் அது வரல.”

சாருக்கு அந்தப் பெண்ணை ஞாபகம் இருந்தது. ஆய்வேடு கொடுக்காததால் பாதியில் நின்றுபோனவள். எங்கள் புத்தகத்தில் அவள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“இவங்க?” என்று சார் என்னைக் காட்டினார்.

“இவளா. கேள்வி கேட்டுகினே கெடந்தா. ரெண்டு நாள் மீன் தீஞ்சிபோச்சு.” சார் முகத்தைப் பார்த்ததும் அத்தைக்குப் பதறிவிட்டது. “ஆனா ரொம்ப மாறிட்டேன் சார். எழுதிக்கோங்க. பேர் எழுதிக் காட்டவா?”

திரும்பும்போது பஸ்ஸில் சார், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், “ஐந்தையும் எடுத்துவிடு. நடந்ததை அப்படியே ஒரு பக்கம் எழுது. நான் கையெழுத்துப் போடுகிறேன்,” என்று மேடையில் பேசுகிற தமிழில் சொன்னார். என் களப்பணி மதிப்பெண் ரத்து. திரும்பச் செய்து முடிக்கிற வரை ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடையாது. அவர் கேட்டபடி அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். கடல் எங்கும் நிற்கவில்லை. என் ஆய்வேட்டைவிட அது நன்றாக வந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதிப்பீட்டுக் குழுவினர் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மற்றவற்றைப் புரட்டினார்கள். குழுவில் இருந்த ஒரு அம்மாள், எந்தப் பஸ், எந்தக் கடை என்று என்னைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். படிப்பு இன்னும் ஒரு வருடம் தொடரலாம் என்றும், களப்பணி இடத்தை இனிமேல் மாணவர்கள் தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்கித் தர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த சீட்டில் மறைமலை நகர் என்று இருந்தது.

புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப்போனேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“எங்க உன் பேரு?”

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கத்தையும் காட்டியிருக்கலாம். அகந்தையைக் கைவிட்டவருடைய முழுப்பக்கம் பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. கடைசி அட்டையின் உள்பக்கம், அச்சகத்தின் பெயருக்கு மேலே ‘தொகுப்பு’ என்று போட்டு இருந்த ஒரு வரியைக் காட்டினேன்.

“இன்னா இத்துனூண்டு கீது?”

“சாதனைப் பக்கத்துல என்னுது இல்லப்பா. நான் செஞ்சது தப்புன்னு எடுத்துட்டாங்க. திரும்பச் செய்யணும்.”

“அப்ப இது இன்னாத்துக்கு?”

“இந்தப் புக்க நான் செஞ்சேன்னு.”

அப்பா புத்தகத்தைப் புரட்டினார். மூச்சு விடுகிறவர், மௌனமாக இருக்கிறவர், அந்தக் கல்யாணப் பெண், எல்லோரையும் பார்த்தார். “இவங்கள்லாம்?”

“அவங்க படிச்சவங்க. நான் கேட்டு வாங்கி உள்ள போட்டேன்.”

பஞ்சர் ஒட்ட வண்டியோடு காத்திருந்த ஆளின் பக்கம் அப்பா திரும்பினார். “இத்தினி பேரயும் புக்குல போட்டது எம் பொண்ணுதான்,” என்றார். “அவளோடத மட்டும் அவளே நிறுத்தி வெச்சிகீறா. இன்னும் சரியா வரலியாம்.”

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அந்த ஆள் எழுந்து நின்று புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.